பௌபஜார்த் தெருவில் ஒரு சொற்பொழிவு மண்டபம்

சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி நம்மில் பலர் உள்ளத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. மாதச் சொற்பொழிவுகளை இனியும் நடத்தத்தான் வேண்டுமா என்பதே அக்கேள்வி. கேட்டவர் சங்கத்தின்பால் அன்பில்லாதவர் அல்லர். மண்டபத்து வாடகைக்குப் பணம் குறைந்தபோதெல்லாம் தம் கையிலிருந்து எடுத்துத் தந்தவர். அவர் காட்டிய கணக்கும் பொய்யன்று. நாடகம் என்றால் மண்டபம் கொள்ளாத கூட்டம் வருகிறது. பொங்கல் விழாவிலும் நவராத்திரியிலும் நிற்க இடமில்லை. இலக்கியம் பற்றியோ விஞ்ஞானம் பற்றியோ அறிஞர் ஒருவர் பேசுகிறார் என்றால் மட்டும், அறுபது நாற்காலி போட்ட இடத்தில் பதினைந்து பேர் அமர்ந்திருக்கிறோம். அவர்களிலும் இருவர் பேச்சாளரை அழைத்து வந்தவர்கள். ஒருவர் காப்பி கொடுக்க வந்தவர். இப்படியிருக்க, இதற்குப் பணமும் பொழுதும் செலவிடுவானேன் என்று அன்பர் கேட்டார். அன்று அவருக்குத் தக்க விடை சொல்ல நம்மில் எவராலும் இயலவில்லை.

வாதத்தால் சொல்ல இயலாத விடையைச் சில வேளை வரலாறு சொல்லிவிடும். அவ்வரலாற்றைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இக்கல்கத்தா நகரத்திலேயே, 2001-ஆம் ஆண்டிலிருந்து கொல்கத்தா என்று பெயர் வழங்கும் இந்நகரத்திலேயே, அது இருக்கிறது. பௌபஜார்த் தெரு 210-ஆம் எண்ணில் நின்ற ஒரு சொற்பொழிவு மண்டபத்தின் கதை அது. அக்கதையின் முற்பகுதி வங்காளியருடையது. பிற்பகுதியில் தமிழருக்கும் பங்கு உண்டு.

ஒரு மருத்துவரின் கனவு

மகேந்திரலால் சர்க்கார் 1833-ஆம் ஆண்டு ஹௌரா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்து, கல்கத்தாவில் மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். ஹேர் பள்ளியிலும் இந்து கல்லூரியிலும் பயின்று, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்றவர்களுள் அவர் இரண்டாமவர். நகரத்துச் செல்வர் வீடுகளெல்லாம் அவரை நாடின. பின்னாளில், 1885-ஆம் ஆண்டு, ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டை நோயால் துன்புற்றபோது அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் சர்க்கார் இவரே. பரமஹம்சரின் வரலாற்றைப் படித்த நம் இல்லத்துப் பெரியோர்க்கு அப்பெயர் புதியதன்று.

உண்மை என்று தமக்குத் தோன்றியதை மறைத்துப் பேச அறியாதவர் அவர். ஹோமியோபதி முறையை முதலில் எள்ளி நகையாடியவர், அதனைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். 1867-இல் மருத்துவர்கள் கூடிய சபையிலேயே எழுந்து தம் கருத்து மாறிவிட்டதை வெளிப்படையாகச் சொன்னார். அம்முறையைப் பற்றி இன்றைய விஞ்ஞானிகள் கொண்டிருக்கும் கருத்து வேறு. அது இங்கு நம் பொருளன்று. அன்று அவர் அடைந்த பயன், உடன் தொழில் செய்தோர் அவரை விலக்கி வைத்ததும், வந்துகொண்டிருந்த நோயாளிகள் வராமல் நின்றதுமே. அந்நிலையிலும் அவர் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். அப்பத்திரிகையில்தான், 1869-ஆம் ஆண்டு, இந்தியர் தாமே விஞ்ஞானத்தை வளர்ப்பதற்கு ஒரு தேசிய நிலையம் வேண்டும் என்று எழுதினார்.

அக்காலத்தில் விஞ்ஞானம் என்பது நம்மவர்க்குப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டுமே இருந்தது. அரசாங்க அளவைத் துறைகளில் ஆராய்ச்சி நடந்தது. ஆனால் உயர்ந்த இடங்களில் இருந்தவர் வெள்ளையர். இந்தியன் கவிதை பாடுவான், தத்துவம் பேசுவான், பௌதிகமும் இரசாயனமும் அவனுக்கு வாரா என்று எண்ணியோரும் இருந்தனர். அவ்வெண்ணத்தை முறியடிக்க வேண்டுமானால், இந்தியர் பணத்தில், இந்தியர் நடத்தும் ஒரு கழகம் எழ வேண்டும் என்பது சர்க்காரின் துணிபு.

இலண்டன் காட்டிய வழி

சர்க்காரின் கண்முன் ஒரு முன்மாதிரி இருந்தது. இலண்டன் மாநகரில் 1799-ஆம் ஆண்டு தோன்றிய ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் நிலையமே அது. அங்கே ஹம்ப்ரி டேவி போன்ற அறிஞர் பொதுமக்கள் முன்னிலையில் சோதனைகளைச் செய்து காட்டிப் பேசுவர். 1812-ஆம் ஆண்டு டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்க ஓர் இளைஞன் வந்தான். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவன். நுழைவுச் சீட்டு வாங்கப் பணமில்லாதவன். கடைக்கு வந்துபோகும் ஒருவர் இரங்கிச் சீட்டுத் தந்தார். அவன் கேட்டவற்றையெல்லாம் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, தன் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டு அவருடைய உதவியாளனாக அமர்ந்தான். அவ்விளைஞனே மைக்கேல் பாரடே. இன்று நம் வீட்டு விளக்கும் விசிறியும் இயங்கும் மின்சாரம் அவருடைய கண்டுபிடிப்பின் வழியே நமக்கு வருகிறது.

பேச்சைக் கேட்கக் கூடிய அத்தனை பேரிலும் பாரடேயாக எழுந்தவர் ஒருவரே. ஆயினும் அவ்வொருவர் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பது மேடையில் நின்று பேசியவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

அத்தகைய ஒரு மண்டபம் கல்கத்தாவிலும் வேண்டும் என்று சர்க்கார் விரும்பினார். பணம் திரட்டவும் கருத்தைத் திரட்டவும் ஆறாண்டுகளுக்கு மேல் ஆயின. வயிற்றுக்கு உதவாத தூய விஞ்ஞானம் எதற்கு, கைத்தொழில் கற்பிக்கும் பள்ளியே இப்போது தேவை என்று ஒரு சாரார் வலிமையாக வாதிட்டனர். அவர்களும் நாட்டுப்பற்று மிக்கவரே. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. வேரில்லாமல் கிளை தழைக்காது என்பது சர்க்காரின் மறுமொழி. அவருக்குத் துணை நின்றவர் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் இயூஜீன் லபோன். புனித சேவியர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர் அவர். இறுதியில் 1876-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், வங்காள உதவி கவர்னர் சர் ரிச்சர்டு டெம்பிளின் ஆதரவோடு, இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் பௌபஜார்த் தெருவில் பிறந்தது.

மேடையும் மனச்சோர்வும்

கழகம் தன் தொடக்க காலத்தில் செய்த முதன்மையான பணி பொதுச் சொற்பொழிவே. ஆராய்ச்சிக்கு வேண்டிய நிதி அதனிடம் இல்லை. சம்பளம் கொடுத்துப் பேராசிரியர்களை அமர்த்தவும் வழியில்லை. ஆதலால் வெவ்வேறு வேலைகளில் இருந்த அறிஞர்கள் ஊதியம் கருதாமல் மாலை வேளைகளில் வந்து பேசினர். லபோன் பாதிரியார் ஒளி, ஒலி, மின்சாரம் பற்றிக் கருவிகளோடு வந்து விளக்கினார். சர்க்கார் தாமும் பௌதிகம் பேசினார். பிரமதநாத போஸ் நிலவியலும், சுனிலால் போஸ் இரசாயனமும், பின்னாளில் பல்கலைக்கழகத் துணைவேந்தரான ஆசுதோஷ் முகர்ஜி கணிதமும் பேசினர். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய இளைஞர் ஜகதீச சந்திர போசும் அம்மேடையில் நின்றவரே. அவரே 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியின் துணையின்றி மின் அலைகளைச் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைத் தீப்பற்றவும் செய்து, கூடியிருந்தோரை வியப்பில் ஆழ்த்தினார்.

இவையெல்லாம் இன்று படிக்கும்போது பெருமையாக இருக்கின்றன. அன்று நடத்தியவருக்கு அப்பெருமை தெரியவில்லை. விசயநகர மன்னர் அளித்த கொடையால் 1890-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று எழுந்தது, கருவிகளும் வந்தன, ஆனால் அவற்றைக் கொண்டு முழுநேரமும் ஆராய்வதற்கு ஆள் இல்லை. பேராசிரியர் பதவிகளுக்கு மூலதனம் தரும்படி சர்க்கார் ஆண்டுதோறும் வேண்டினார். விழாவுக்கும் விருந்துக்கும் திருமணத்துக்கும் வாரி இறைத்த செல்வர் இதற்குக் கை நீட்டவில்லை. சொற்பொழிவுகளுக்கும் அவர் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. பரீட்சைக்கு உதவும் என்று எண்ணிய மாணவர் வந்தனர். பரீட்சை முடிந்ததும் நின்றனர்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு கழிந்தன. முதுமையும் நோயும் சேர்ந்த காலத்தில், கழக உறுப்பினர் முன்னிலையிலேயே தம் முயற்சி தோற்றுவிட்டது என்னும் பொருள்பட அவர் மனம் நொந்து பேசினார். இதற்குச் செலவிட்ட பொழுதைத் தம் தொழிலில் செலவிட்டிருந்தால் தாமே பெரும்பொருள் ஈட்டி அதனைக் கழகத்துக்குத் தந்திருக்கலாமே என்றுகூட வருந்தினார். அந்த வருத்தம் தீராமலே 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் கண்ணை மூடினார்.

கணக்கு அன்றோடு முடிந்திருந்தால், தொழிற்பள்ளி கேட்டவர்களே வென்றனர் என்று நாமும் எழுதியிருப்போம். ஆனால் சர்க்காரின் மைந்தர் அமிர்தலால் தந்தையின் பொறுப்பைத் தாம் ஏற்றார். பெரிய மாறுதல் எதையும் அவர் செய்துவிடவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றாமலும், கதவைப் பூட்டாமலும் வைத்திருந்தார். அதுவே போதுமானதாயிற்று.

டிராம் வண்டியிலிருந்து இறங்கியவர்

1907-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பதினெட்டு வயது நிரம்பிய தமிழ் இளைஞர் ஒருவர் இந்நகரத்துக்கு வேலைக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறியவர். விஞ்ஞானத்தில் எத்துணை ஆர்வம் இருந்தாலும் அதனால் பிழைக்க வழியில்லாத காலம் அது. ஆதலால் நிதித் துறைப் பரீட்சை எழுதி முதலாவதாகத் தேறி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக அமர்ந்தார். அப்போதுதான் மணமாகியிருந்தது. இளம் மனைவியோடு பௌபஜாருக்கு அருகே ஸ்காட்ஸ் லேன் என்னும் சந்தில் குடியேறினார். ஊரும் புதிது, மொழியும் புதிது. நம்முள் எத்தனை குடும்பங்களின் கதை இவ்வாறு தொடங்கியது! வேலை உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கிய நாளை நம் முதியோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, 210-ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகை அவ்விளைஞர் கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் பணியாளர். ஆசு பாபு என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அவர், பிற்பாடு கால் நூற்றாண்டுக் காலம் அவ்விளைஞரின் வலக்கையாக விளங்கினார். உள்ளே பெரிய மண்டபம், ஆளில்லாத ஆராய்ச்சிக்கூடம், தூசி படிந்த கருவிகள். மாலையிலும் காலையிலும் இங்கே வந்து ஆராய அனுமதி கிடைக்குமா என்று இளைஞர் கேட்டார். அமிர்தலால் சர்க்கார் அவரை ஆரத் தழுவி வரவேற்றதாகச் சொல்வர். தந்தையார் முப்பது ஆண்டு எதிர்பார்த்திருந்த ஆள், அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து வந்து சேர்ந்தார். அவ்விளைஞரே சந்திரசேகர வெங்கட ராமன்.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. வந்தவர் வங்காளியல்லர், கழகத்துக்குச் சந்தா செலுத்தியவரல்லர், பரிந்துரைக் கடிதம் கொண்டு வந்தவருமல்லர். உன் ஊர் எது, மொழி எது என்று கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் கேட்பார் இல்லை. அவ்வாறு கேளாத ஒரு நிலையத்தைச் சர்க்கார் பெருமகனார் கட்டி வைத்திருந்தார்.

காலை ஐந்தரை மணி

ராமனின் அன்றாட வாழ்வைப் பற்றி அவர்தம் துணைவியார் லோகசுந்தரி அம்மையார் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரை மணிக்கு ஆராய்ச்சிக்கூடம். பத்து மணிக்குச் சற்று முன்னர் வீடு. அவசரக் குளியல், அவசர உணவு, பிறகு அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு நேரே மீண்டும் ஆராய்ச்சிக்கூடம். இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆராய்ச்சிக்கூடம். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி, 1911-இல் திரும்பி வந்தார். பத்தாண்டுகள் இவ்வாறு அரசாங்கக் கணக்கையும் இயற்கையின் கணக்கையும் ஒருசேரப் பார்த்தார். 1917-இல் ஆசுதோஷ் முகர்ஜி அழைக்க, அதிகச் சம்பளம் தந்த அரசாங்க வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பல்கலைக்கழகத்துப் பாலித் பேராசிரியரானார். ஆசுதோஷ் முகர்ஜி ஒரு காலத்தில் பௌபஜார் மேடையில் கணிதம் பேசியவர் என்பதை முன்னரே கண்டோம்.

கழகத்தின் மேடையும் மீண்டும் உயிர் பெற்றது. ராமன் சிறந்த சொற்பொழிவாளர். வீணை, மிருதங்கம், வானம், கடல், மலர், மணி ஆகிய எதைப் பற்றிப் பேசினாலும், கேட்போர் தாமே கண்டுபிடித்ததுபோல் மகிழும்படி பேசுவார். 1919-இல் அமிர்தலால் மறைந்தபின் கழகத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பும் ராமனிடம் வந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் அவரை நாடி வந்தனர். அவர்களுள் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் ஒருவர், 1923-இல் அவர் கழகத்தில் சேர்ந்தார். எஸ். வெங்கடேசுவரன் மற்றொருவர். அலிப்பூரில் அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, மாலையிலும் விடுமுறையிலும் வந்து ஆராய்ந்தவர் அவர். அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருவது அக்கட்டடத்தில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

1921-ஆம் ஆண்டு ராமன் ஆக்ஸ்போர்டில் கூடிய பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கடல் வழியே சென்றார். மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே அது என்று பெரியோர் சொல்லியிருந்தனர். ராமன் சிறு கருவி ஒன்றால் அப்பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார், நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஏழாண்டு நீண்டது. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்தில் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிதளவு நிறம் மாறி வருகிறது. அம்மாற்றம் அத்திரவத்தின் மூலக்கூறு எத்தகையது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இவ்வுண்மை ஐயமற நிறுவப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில், தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில், ஒரு சொற்பொழிவாகவே ராமன் அதனை விரித்துரைத்தார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. விஞ்ஞானத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1987-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் அதனைக் கொண்டாடுகின்றனர். அது நிகழ்ந்த இடம் தாம் பள்ளிக்குப் போகும் இதே ஊரில்தான் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கசப்பும் நன்றியும்

வரலாற்றை எழுதுவோர் இனிப்பை மட்டும் எடுத்து வைத்தல் முறையன்று. 1933-இல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் தலைவராகப் புறப்பட்டார். அதனையடுத்துக் கழகத்தின் நிர்வாகம் பற்றிப் பூசல் மூண்டது. உறுப்பினர் சேர்க்கை பற்றித் தொடங்கிய வாதம், வங்காளியர், வெளி மாகாணத்தார் என்னும் பேச்சாகத் திரிந்தது. 1934-இல் கூடிய கூட்டத்தில் அவர் கழகத்தின் பொறுப்பை இழந்தார். ராமன் எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்பினர் அல்லர், கடுஞ்சொல்லும் சொல்லக்கூடியவர். எதிர்த் தரப்பாரோ, தங்கள் முன்னோர் கட்டிய வீடு தங்களைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சியவர். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இருவர் நெஞ்சமும் விளங்காமல் போகாது. விருந்தினராக வந்த இடத்தில் உழைத்து உரிமை பெறுதல் ஒன்று. வீட்டுக்குரியவர் மனம் நோகாமல் அவ்வுரிமையைச் செலுத்துதல் மற்றொன்று. இரண்டாவது அரிது.

அப்பூசலுக்கு நடுவிலும் ஒரு நற்செயல் நிகழ்ந்தது. சர்க்கார் வாழ்நாளெல்லாம் வேண்டிக் கிடைக்காமற்போன பேராசிரியர் பதவி, 1933-இல், ராமனின் முயற்சியால் கழகத்தில் ஏற்பட்டது. அதற்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவி என்றே பெயர் சூட்டப்பட்டது. அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் வத்திராயிருப்பு கிருஷ்ணன். தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த அவர் 1942 வரை இங்கே பணியாற்றி, பின்னர் தில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் தலைவரானார். தோற்றுவிட்டோம் என்று எண்ணி மறைந்த ஒருவரின் பெயர், அவர் மறைந்து இருபத்தொன்பது ஆண்டு கழித்து, அவர் விரும்பிய வடிவிலேயே நிலைபெற்றது. நிலைபெறச் செய்தவரும், அதில் அமர்ந்தவரும் தமிழர். இதில் நாம் கொள்ள வேண்டியது செருக்கன்று. வங்க நாட்டுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி அன்று திரும்பியது என்று எண்ணுதலே பொருந்தும்.

எந்த மொழியில் பேசுவது?

சர்க்காரின் மண்டபத்துக்கு ஏன் பெருந்திரள் வரவில்லை? செல்வரின் பாராமுகம் ஒரு காரணம். மற்றொரு காரணம் மொழி. அங்கே சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. ஆங்கிலம் கற்றவர் சிலர். அவருள் விஞ்ஞானம் விரும்பியவர் மிகச் சிலர். பௌபஜாரில் கடை வைத்திருந்த பொற்கொல்லருக்கோ, வீட்டிலிருந்த பெண்மணிகளுக்கோ அம்மண்டபத்தில் இடமிருந்தும் இடமில்லை.

இக்குறையை உணர்ந்தவரும் வங்காளியரே. 1911-இல் மைமன்சிங்கில் கூடிய வங்க இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜகதீச சந்திர போஸ், விஞ்ஞானத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவைப் பற்றி வங்காளியிலேயே உரையாற்றினார். புலவர் கூடிய மேடையில் ஒரு பௌதிக அறிஞரைத் தலைவராக்கிய அவர்தம் பெருந்தன்மையை நாம் போற்ற வேண்டும். 1948-இல் சத்தியேந்திரநாத போஸ், தாய்மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்புவதற்கென்றே வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, அறிவும் விஞ்ஞானமும் என்னும் பொருள் தரும் பெயரில் ஒரு திங்களிதழும் தொடங்கினார். ஐன்ஸ்டைனோடு பெயர் சேர்த்து உலகம் வழங்கும் அறிஞர், தம் ஊர்ச் சிறுவனுக்குத் தாய்மொழியில் பாடம் சொல்வதைத் தம் தகுதிக்குக் குறைவென்று எண்ணவில்லை.

நம் சங்கத்தின் மாதச் சொற்பொழிவுக்குள்ள பொருள் இங்கேதான் விளங்குகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் பேசுகின்றனர். தெருவில் வங்காளி பேசுகின்றனர். சிலர் இந்தியும் பேசுகின்றனர். தமிழ் அவர்களுக்கு வீட்டு மொழி. சாப்பாடு போடு, விளக்கை அணை, பாட்டிக்குக் கடிதம் எழுது என்பதற்குரிய மொழி. கரு முதல் கோள்மீன் வரை, குறள் முதல் குடியரசு வரை, எல்லாவற்றையும் அம்மொழியிலேயே ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து எண்ணவும் பேசவும் முடியும் என்பதை அவர்கள் எங்கே காண்பார்கள்? நாடகத்தில் தமிழின் சுவையைக் காணலாம். விழாவில் தமிழரின் கூட்டத்தைக் காணலாம். தமிழில் ஒரு கருத்து அடிமேல் அடி வைத்து நடந்து செல்வதைக் காண்பதற்கு, லேக் மார்க்கெட்டிலும் ராஷ்பிஹாரி அவென்யூவிலும் நமக்கு வேறு இடமில்லை. இந்தப் பதினைந்து நாற்காலிதான் உண்டு.

அன்பருக்கு நம் விடை

அன்பர் காட்டிய கணக்கை நாம் மறுக்கவில்லை. பேச்சுக்கள் சில சலிப்பூட்டியதும் உண்மை. ஒரு மணி என்று சொல்லி இரண்டு மணி பேசியவர் உண்டு. மேற்கோளை அடுக்கியே பொழுதைப் போக்கியவர் உண்டு. கேட்போரைக் கேள்வி கேட்க விடாமல் நன்றியுரை சொல்லி முடித்த நாமும் உண்டு. இவற்றைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். லபோன் பாதிரியார் கருவியோடு வந்ததுபோல், பேசுவோர் கண்ணுக்கும் ஏதேனும் கொண்டு வருமாறு வேண்டுவோம். முக்கால் மணி பேச்சு, கால் மணி கேள்வி என்று வரையறுப்போம். முதற் கேள்வி பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். நம் காலனியிலேயே மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியரும் வங்கி அலுவலரும் இருக்கின்றனர். வெளியூர்ப் பேச்சாளருக்குக் காத்திராமல் அவர்களையும் மேடையேற்றுவோம். பௌபஜார் மேடையும் அலுவலக நேரம் போக மிஞ்சிய மாலைப் பொழுதில் வளர்ந்ததே.

ஆனால் மேடையை மூடிவிடல் வேண்டா. வந்தவரை எண்ணி மட்டும் இதன் பயனை அளக்க இயலாது. சர்க்கார் அவ்வாறு அளந்துதான் மனம் நொந்து மறைந்தார். அவர் மைந்தர் அளவாமல் கதவைத் திறந்து வைத்தார். அதன் வழியே ராமன் நுழைந்தார்.

அந்தப் பழைய கட்டடம் இன்று இல்லை. கழகம் 1950-களின் தொடக்கத்தில் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்து, இன்றும் ஆராய்ச்சி நடத்தி வருகிறது. பௌபஜார்த் தெரு பிபின் பிஹாரி கங்கூலித் தெரு ஆயிற்று. 210-ஆம் எண்ணில் வணிகக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அவ்வழியே போகும்போது பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள்.

ராமனோ இறுதிவரை மேடையை விட்டவரல்லர். பெங்களூரில் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் காந்தியடிகள் நினைவாகப் பொதுமக்களுக்கு ஒரு விஞ்ஞானச் சொற்பொழிவு நிகழ்த்தி வந்தார். 1970-ஆம் ஆண்டும் அவ்வாறே நிகழ்த்தினார். வயது எண்பத்திரண்டை நெருங்கியிருந்தது. அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் காது. நாம் ஒலியை எவ்வாறு கேட்கிறோம் என்பது. ஐம்பது நாள் கழித்து, நவம்பர் 21-ஆம் நாள், அவர் மறைந்தார்.

கேட்பதைப் பற்றியே கடைசியாகப் பேசிச் சென்ற அப்பெரியார் ஒரு காலத்தில் நம்மைப் போல் இவ்வூருக்குப் பிழைக்க வந்தவர். அடுத்த மாதச் சொற்பொழிவுக்கு வீட்டுக்கு ஒருவரேனும் வருக. வரும்போது ஒரு பிள்ளையையும் கையைப் பிடித்து அழைத்து வருக. அறுபது நாற்காலியும் போட்டு வைக்கிறோம்.

வாழ்க வங்கம்! வளர்க தமிழ்ச் சங்கம்!